முன்கூட்டியே புரிந்துவிட்ட பாடம்

பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் எக்ஸ்பிரஸ். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். மணி அடித்ததும் கை முதலில் கரும்பலகைக்குப் போய்விடும், ஆள் பின்னால்தான் வந்து சேருவார். அவர் கிளப்புகிற சாக்பீஸ் தூசியில் முதல் பெஞ்சுக்காரர்களுக்குப் பதினைந்து வயதிலேயே தலை நரைத்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வருஷம்கூடப் போர்ஷன் பாக்கி வைத்ததில்லை. அந்தப் பெருமையில் தலை நிலையில் இடிக்குமோ என்று வாசலில் குனிந்துதான் நுழைவார்.

பிள்ளைகள்தான் பாஸாகவில்லை. போன வருஷம் நாற்பது பேரில் கணக்கில் தேறியது பதினோரு பேர். இந்த வருஷமும் பாதிக்குக் கீழே போனால் இங்கே பத்தாம் வகுப்பையே மூடிவிட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. இந்த வருஷத்து நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி அவருடைய மகள். இரண்டாம் பெஞ்சு, ஜன்னலோரம். வீட்டில் அப்பா, பள்ளிக்கூடத்தில் சார்.

புதிதாக வந்த தலைமையாசிரியை வகுப்புக்கு வகுப்பு ஒரு தகரப்பெட்டி மாட்டினார். பாடம் முடிந்ததும் என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். அதற்குத் தினமும் ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் அரைப் பாடத்தை முடித்துவிடுகிற மனுஷன் அதை விட்டுக்கொடுப்பாரா? திங்கட்கிழமையே ஆளுக்கு ஐந்து சீட்டு எழுதி வாங்கிவிட்டார். 'இன்றைய கணக்குப் பாடம் தெளிவாகப் புரிந்தது.' தினம் ஒரு கட்டாகப் பெட்டியில் போடுவது வகுப்புத் தலைவியின் வேலை.

புதன்கிழமை வாத்தியாருக்குக் காய்ச்சல், லீவு. கணக்குப் பீரியடில் பிள்ளைகள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வகுப்புத் தலைவி மட்டும் கடமை தவறாமல் அன்றைய கட்டைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் நாற்பத்திரண்டு சீட்டும் மேஜையில் வரிசையாக இருந்தன.

"காய்ச்சல் எப்படி இருக்கு சார்?"

"பரவாயில்ல மேடம்."

"நீங்க வராத அன்னிக்கு நாப்பத்திரண்டு பேருக்கும் தெளிவா புரிஞ்சிருக்கு. வர்றதுதான் பிரச்சனையோன்னு யோசிக்கிறேன்."

வாத்தியாருக்கு விட்ட காய்ச்சல் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அந்த அம்மா அவரை வெளியே நிறுத்திவிட்டு, தானே வகுப்புக்குப் போய் வெற்றுச் சீட்டு கொடுத்தார். 'எங்கேயிருந்து புரியவில்லை?' ஒரே கேள்வி. எழுதியதை வாங்கி வந்து அவர் கையில் திணித்தார்.

வாத்தியார் ஆசிரியர் அறை மூலையில் உட்கார்ந்து படித்தார். 'ஏழாவதிலிருந்து.' 'பின்னம் வந்ததிலிருந்து.' 'எதுவரைக்கும் புரிந்தது என்றே புரியவில்லை.' முப்பத்தாறு சீட்டு இப்படி. அதில் ஒரு கையெழுத்து வலது பக்கம் சாய்ந்து விழப் பார்த்தது. அந்தக் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். 'பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாகத் திருப்புகிறோம்? ஆறாவதிலிருந்து தெரியாது. கேட்க ஆள் இல்லை.'

சாயங்காலம் வீட்டில் மகளைப் பையை இறக்கி வைக்கக்கூட அவர் விடவில்லை.

"கேக்க ஆள் இல்லன்னு எழுதியிருக்க. வீட்ல நான் என்ன தூணா?"

"தூண்னா கேட்டிருப்பேன்ப்பா. திட்டாது."

சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்கக் கரண்டியைக் கீழே போட்டார்.

"ஒரு தடவ கேட்டேன்," என்றாள் மகள். "திருப்பிப் போட்டுப் பெருக்கு, அவ்ளோதான்னு சொன்னீங்க. நானும் அவ்ளோதான்னு விட்டுட்டேன்."

"சரி, இப்ப சொல்றேன், உக்காரு."

ஏன் திருப்புகிறோம் என்று அவருக்கும் யாரும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷமாக லட்சம் பின்னத்தைக் குப்புறப் போட்டிருக்கிறார், ஏன் என்று ஒன்றைக்கூட விசாரித்ததில்லை. காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். கூடம் முழுக்க ஆடு மேய்ந்த மாதிரி ஆகிவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தூங்கப் போனாள். அவர் விடிய விடிய வெட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் நேரே தலைமையாசிரியையிடம் போனார்.

"பின்னத்திலேர்ந்து ஆரம்பிக்கணும் மேடம். போர்ஷன் முடியாது." அந்த வார்த்தையைச் சொல்லும்போது பல்லைப் பிடுங்கிய மாதிரி வலித்தது.

"பரீட்சைக்கு எத்தன நாள் இருக்கு?"

"எழுபத்தோரு நாள்."

"மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பிள்ளைங்களுக்கு நீங்க சொல்லுங்க."

"பாதிப் பேராவது தேறுவாங்களா?"

"தெரியல சார்," என்றார் அந்த அம்மா. கண்ணைப் பார்த்தால் அந்த அம்மாவும் ராத்திரி தூங்கினவராகத் தெரியவில்லை.

வகுப்பில் வாத்தியார் காகிதத் துண்டைப் பாதியாக வெட்டினார். அரையைக் காலால் வகுக்கிறோம் என்று சொல்லி, அந்தப் பாதிக்குள் இரண்டு கால் துண்டுகளை அடுக்கிக் காட்டினார். "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்," என்று நாற்பத்தோரு தொண்டை ஒன்றாகப் பாடியது. அவர் அதை நம்பாமல் முகம் முகமாகப் பார்த்தார்.

ஜன்னலோரத்தில் ஒரு கை முழங்கை வரைக்கும் எழுந்தது. "ரெண்டு துண்டு வந்துச்சு, அது தெரியுது சார். திருப்பிப் போடறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு முழுத் துண்டுல கால் எத்தன?"

"நாலு."

"அப்போ பாதித் துண்டுல?"

"நாலுல பாதி." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ பாதிய நாலாலதான பெருக்குறோம். அதான் நாலு மேல வருதா?"

அவருக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சிரிக்கப் போனார். அதற்குள் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், கால்னா என்ன? ஒண்ணை நாலா வெட்டினதுல ஒரு துண்டா, நாலு துண்டும் சேர்த்தா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் ஆறேழு கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. எழுபத்தோரு நாளை வைத்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். வரவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெட்டும்மா," என்றார். "மெதுவா."