காக்கா வரும், காக்கா வருவாக

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் முதல் சில வாரங்களுக்கு நான் டீச்சர் இல்லை, அழுகையை அமர்த்தும் ஆள். தாராவியில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஜூனியர் கேஜி என் வகுப்பு. வெளியே மழை, உள்ளே கண்ணீர். ஒரு குழந்தை ஆரம்பித்தால் போதும், அதுவரை தன்பாட்டுக்கு ரெயின்கோட் பட்டனை மென்றுகொண்டிருந்தவனுக்கும் அம்மா ஞாபகம் வந்துவிடும். அப்புறம் வகுப்பு முழுக்கச் சாவு வீடுதான்.

இதற்கெல்லாம் எங்களிடம் மருந்து உண்டு. ‘ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்’ என்றால் உதட்டில் விரல் வைக்க வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் மூக்கில் வைப்பார்கள். வரிசையாக நிற்கச் சொல்ல ‘மேக் எ டிரெயின்’ என்போம். மும்பைப் பிள்ளைகளிடம் அதைச் சொல்வது பெரிய தப்பு. டிரெயின் என்றால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறுவது என்றுதான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ‘மே ஐ கோ டு டாய்லெட்’ என்று முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. கேட்டு முடிப்பதற்குள் போக வேண்டிய அவசியமே தீர்ந்துவிடும். நான் துடைப்பத்தைத் தேடுவேன்.

அந்த வருஷம் எல்லாரும் ஒருவழியாக அடங்கிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவளுக்கு நான்கு வயது. இரட்டைச் சடை, மஞ்சள் தண்ணீர் பாட்டில். வந்ததும் நேரே ஜன்னலுக்குப் போவாள், கம்பியைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள். அதட்டினாலும் கொஞ்சினாலும் ஒரே பாட்டு: “காக்கா வேணும்.”

முதல் நாளே அவள் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தையல் வேலைக்குப் போகிற அவசரத்தில், புர்காவில் மழைத் தண்ணீர் சொட்ட, வாசலில் நின்றபடியே சொன்னாள். “காக்கா இல்லாட்டி இவளுக்குச் சோறு எறங்காது, டீச்சர். ரொம்ப அழுதான்னா, காக்காட்ட சொல்லிருவேன்னு சொல்லுங்க. அடங்கிருவா.”

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. காக்காவைக் காட்டிச் சோறு ஊட்டாத தாய் உண்டா? காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயம் காட்டாத வீடுதான் உண்டா? மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலும் காக்காவுக்கு வைக்காமல் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. அதற்கு முந்தின வருஷம் அண்ணா தவறியதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை பால்கனிச் சுவரில் ஒரு பிடி சாதம் வைத்துவிட்டு நான்தான் நிற்கிறேன். முறைப்படி அது என் வேலை இல்லை. ஆனால் அவன் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், யாராவது கூப்பிட வேண்டுமே. ஆகவே காக்கா விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் இருந்தேன்.

முதலில் நிஜக் காக்காவையே காட்டினேன். எதிர்க் கூரையில் ஒன்று நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. “பார், காக்கா!” என்றேன். அவள் பார்த்தாள். கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்த்தாள். அப்புறம் இரண்டு மடங்கு சத்தத்தில் அழுதாள். கறுப்புத் தாளில் காக்கா வெட்டி ஒட்டினேன். அழுகை. கடைசியில், ஐம்பது வயதில், மூட்டு வலியோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி “கா! கா!” என்று நானே பறந்தேன். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். மொத்த வகுப்பும் “கா! கா!” என்று அலறியது.

உடனே பியூன் ஓடி வந்தார், கையில் பக்கெட்டோடு. அவர் மராத்திக்காரர். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. பள்ளியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை பேர் ஒரே குரலில் கூப்பிட்டால் எந்த மனிதர்தான் பதறமாட்டார்?

இது ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்கும் போனது. அவர் தமிழ் தெரியாதவர், ஆனால் முடிவெடுக்கத் தெரிந்தவர். குழந்தைக்குக் காகா வேண்டும் என்றால் காகாவை உட்கார வைப்பதுதானே என்றார். அன்று காலை முழுக்கப் பியூன் ஜன்னல் பக்கத்தில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை அஷ்டகோணலாக்கி வேடிக்கை காட்டினார். மற்றவர்கள் சிரித்துப் புரண்டார்கள். இவள் அழுத அழுகையில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இந்தக் குழந்தைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஹிந்தியில் சொன்னார். “வெள்ளிக்கிழமை வரை பாருங்கள். நிற்காவிட்டால் அடுத்த வருஷம் வரட்டும். இடத்துக்கு வேறு பிள்ளை காத்திருக்கிறது.”

நான் குழந்தையின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் அப்படியே வாடிவிட்டது. “வீட்டுல ஆளில்ல, டீச்சர். தையல்கடைல பிள்ளைய வச்சுக்க விடமாட்டான். இந்த எடம் போச்சுன்னா நான் வேலைய விடணும்” என்றாள்.

“என்ன பண்றது? காக்கா காக்கான்னுதான் அழறா” என்றேன்.

“அதான் டீச்சர், அவளுக்கு உசுரு” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒரு பறவைமேல் இத்தனை உயிரா என்று நானும் வியந்துகொண்டு நின்றேன். எனக்குப் பயமாகவும் இருந்தது. என் வகுப்பிலிருந்து ஒரு குழந்தையையும் திருப்பி அனுப்பியதில்லை.

மறுநாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசினேன். “அழாம இருந்தா காக்கா வரும்.”

அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, அவள் திருத்தினாள். “வருவாக.”

“காக்கா வரும்னு சொல்லணும்டா கண்ணா.”

“வருவாக!”

“காக்காக்கு என்னத்துக்கு மரியாதை? நாய் வரும், பூனை வரும், காக்கா வரும்.”

அவள் என்னை முறைத்துவிட்டு மடியிலிருந்து இறங்கி ஜன்னலுக்கே போய்விட்டாள். தெற்கத்திக்காரர்களுக்குப் பறவையிடமும் என்ன பணிவு என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் என் கணவரிடம் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, அழுகை நிற்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்து, வந்து அழைத்துப் போகச் சொல்லிவிட்டார். நான் அவளுடைய மஞ்சள் பாட்டிலைப் பையில் வைத்தேன். மனசு கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். வாட்டசாட்டமான இளைஞன், தாடி, சட்டையெல்லாம் பசை வாசனை. இவள் “காக்கா!” என்று வீறிட்டாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க இதை நினைத்து வெட்கப்படுவேன். கூரையில் ஒரு காக்காவும் இல்லையே என்று தேடிக்கொண்டிருந்தபோது, அவள் என்னைக் கடந்து ஓடி அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“எங்க பக்கம் அண்ணன காக்காம்போம், டீச்சர்” என்றான் அவன், நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு. தோல் பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். “ஸ்கூல் தொறக்குற அன்னைக்கு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருந்தேன். திடீர்னு தோல் எடுக்க மெட்ராஸ் போற மாதிரி ஆயிட்டு. இன்னைக்குக் காலைலதான் வந்து எறங்குனேன். உம்மா போன் பண்ணினாக, ஓடியாறேன்.”

அவள் இத்தனை நாளும் ஜன்னலில் நின்றது அதற்குத்தான். வருகிறேன் என்று சொன்ன அண்ணனுக்காகக் காத்திருந்த குழந்தையிடம் நான் நனைந்த காக்காவைக் காட்டியிருக்கிறேன்! தாராவிக்கு இறங்குகிற சயானுக்கும் எங்கள் மாட்டுங்காவுக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். இந்த ஒரு வார்த்தை என் காதில் விழவே இல்லை.

“உள்ள வாங்கோ, உக்காருங்கோ” என்றேன். அந்தப் பெரிய உடம்பைக் குட்டி நாற்காலியில் செருகிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். வகுப்பு கசகசவென்று சத்தம் போட, நான் பழக்கதோஷத்தில் “ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!” என்று கத்தினேன். அவனும் சட்டென்று விரலை உதட்டில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். அவளுக்குப் பல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் அவன் பட்டறைக்குப் போக வேண்டும். எழுந்ததும் அவள் உதடு கோணத் தொடங்கியது. வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

“பெல் அடிச்சதும் காக்கா வருவாக” என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். ஒருவழியாக டீச்சருக்குப் பாடம் ஏறிவிட்டது என்று முடிவு செய்திருக்க வேண்டும். “வருவாக” என்று தலையாட்டிவிட்டு, அண்ணன் எழுந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். பெல் அடித்தபோது அவன் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். அதற்கப்புறமும் தினமும் நின்றான். அம்மா தையலை விடவில்லை.

அந்த மாத அமாவாசைக்குச் சாதம் வைத்துவிட்டுப் பால்கனியில் நின்றேன். அண்ணா என்னைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவன்தான். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு ஒன்று வந்து சுவரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

“காக்கா வந்துதா?” என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். அவருக்குப் பசி.

“வந்தாக” என்றேன்.