பிராந்தி சேராத கேக்

நெல்பேட்டை பக்கீர் முகமது, ரேஸ்கோர்ஸ் பக்கத்துத் துரை பங்களா ஒன்றில் முப்பது வருஷம் சமைத்தார். எச்சில் தட்டுக் கழுவப் போனவர்தான். கழுவிய கையோடு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, பார்த்ததை மனசில் ஏற்றி, கடைசியில் பட்லர் ஆகிவிட்டார். துரைமார் மாறினார்கள், அவர் மாறவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் கொடைக்கானலிலிருந்துகூட ஆள் வரும், பக்கீர் செய்த கேக்தான் வேண்டும் என்று.

அந்தக் கேக்கை அவர் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. பழத்தை ஒரு மாதம் பிராந்தியில் ஊறப்போட்டுச் செய்கிற பண்டம். ஐந்து வேளை தொழுகிறவர் எப்படித் தொடுவார்? ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார், விரலால் அமுக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். மோந்து பார்க்கவும் வழியில்லை. இருபது வயசிலிருந்து போட்ட பொடி மூக்கை அவித்துவிட்டது. மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் அவருக்கு ஒன்றுதான். ருசியும் தெரியாமல் வாசனையும் தெரியாமல் ஒரு மனுஷன் இவ்வளவு பெயர் வாங்கினான் என்றால் அந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டாமா? ஊர் போட்டது வேறு. பன்றியும் சாராயமும் புழங்குகிற கை என்று சொல்லிவிட்டது. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரச் சொல்வார்கள். கரண்டியை மட்டும் தொட விடமாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அவருடைய ஒரே மகள் சாதிகாவுக்கு வாடிப்பட்டியில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளையின் அத்தா அப்துல் வஹீது அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளிவாசல் ஜமாத்தில் பெரிய கை. பெண்ணைப் பிடித்திருந்தது, பெண்ணைப் பெற்றவரின் பிழைப்புத்தான் பிடிக்கவில்லை. மூன்று தரம் ஆள்விட்டு விசாரித்த பிறகே சரி என்றார். சொல்லும்போதே ஒரு முள்ளையும் சேர்த்துக் குத்தினார்.

"பக்கீர் பாய், தப்பா நெனைக்காதீக. கல்யாணச் சோத்துக்கு எங்க சமையல் பண்டாரி வந்துருவாரு. அண்டாவும் நாங்களே கொண்டாந்துருவோம்."

மகள் கல்யாணத்தில் சமையல்காரனைச் சமைக்காதே என்றால் அது செருப்பால் அடித்த மாதிரி இல்லையா? பக்கீர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மனைவி நஜ்முன்னிசாவிடம் மட்டும் அன்று மாலை சொன்னார்.

"சோறு அவுக போடட்டும். நான் எம் மகளுக்கு ஒரு கேக்குச் செய்யப் போறேன். மூணு அடுக்கு. ஒரு சொட்டு பிராந்தி சேக்காம. ஹலாலா. அந்த மனுசன் இந்தக் கையால செஞ்சத ஒரு துண்டு தின்னணும். தின்னுட்டா ஊர் வாய் அடைஞ்சுரும்."

"ஊர் வாயை மூட உலைமூடி ஏதுங்க?" என்றாள் அவள். கேட்கிற ஆளா அவர்? பங்களாவுக்குக்கூட இப்படி ஒன்று செய்ததில்லை என்கிற மாதிரி மும்முரமாக இறங்கிவிட்டார். முதல் துண்டை மகளோடு சேர்ந்து தானும் தின்பது, அதுவரைக்கும் ஒரு பொட்டும் வாயில் வைப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வேறு.

கேக்குக்குப் பழம் ஒரு மாதம் ஊற வேண்டும். அது அவர் கற்ற பாடம். பிராந்தி இல்லையென்றால் எதில் ஊறுவது? மலை ஆரஞ்சைப் பிழிந்தார், வெல்லப்பாகு காய்ச்சி ஆறவைத்து ஊற்றினார், உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் நறுக்கிப் போட்டு ஜாடி வாயைத் துணியால் கட்டினார். பிராந்தியில் கிடக்கிற பழம் ஒரு வருஷமானாலும் கெடாது. பங்குனி வெயிலில் ஆரஞ்சுச் சாறு ஒரு வாரம் தாங்குமா? பதநீர் இறக்குகிறவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பக்கீருக்கு அந்தப் பக்கம் புத்தி போகவில்லை. ஜாடியில் நுரை கட்டியதைப் பார்த்து, பழம் நன்றாக ஊறுகிறது என்று சந்தோஷப்பட்டார்.

"ஏங்க, ஜாடியத் தெறந்தா புளிச்ச வாடை அடிக்குதே" என்றாள் நஜ்முன்னிசா.

"ஆரஞ்சு புளிக்காம இனிக்குமா? முப்பது வருசமா செய்யுறவனுக்கு நீ சொல்லித்தாரியா?"

அவள் ஜாடி வாயைத் திரும்பக் கட்டிவிட்டுப் போனாள். அவர் கோபத்துக்குப் பயந்தல்ல. கேக் எப்படி இருக்கும் என்று அந்தப் பாவிக்கும் தெரியாது.

வீட்டில் கேக் சுடுகிற அடுப்பு ஏது? தாமிர அண்டாவில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடேற்றி, அதற்குள் மாவு ஊற்றிய தகர வட்டையை இறக்கி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டார். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று வட்டம், மூன்று நாள். பங்களாவில் சுட்ட கேக்குக்குத் தினமும் ஒரு கரண்டி பிராந்தி ஊட்டுவார்கள். அப்போதுதான் காயாமல் மெத்தென்று இருக்கும். இவரும் விடுவாரா? ஜாடியில் மிஞ்சிய சாற்றைத் தினமும் ஒரு கரண்டி, ஐந்து நாள், கைக்குழந்தைக்குப் பாலூட்டுகிற பதமாக மூன்று கேக்குக்கும் ஊட்டினார். கெட்ட காரியத்தை அரைகுறையாகச் செய்திருந்தாலாவது தப்பியிருப்பார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சீனியை இடித்து, மஸ்லின் துணியில் சலித்து, முட்டை வெள்ளைக்கருவும் எலுமிச்சைச் சாறும் விட்டு அடித்தார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. காகிதக் கூம்பில் அதை நிரப்பி, அடுக்குக்கு அடுக்கு வெள்ளை மல்லிகை மொட்டாகப் பிழிந்து சரம் சுற்றினார். துரைசானிகளுக்கு ரோஜாதான் வைப்பார். மகளுக்கு மல்லிகை. சாதிகா கதவோரம் நின்று பார்த்தாள்.

"அத்தா, நெசப்பூ மாதிரியே இருக்கு."

"நாளைக்கு நீயும் நானுந்தான் மொதத் துண்டு" என்றார். அவள் முகம் பூரித்துப்போனது. அவருக்கு அது போதும்போல் இருந்தது.

மறுநாள் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பண்டாரியின் பிரியாணியை எல்லாரும் புகழ்ந்தார்கள், பக்கீரும் புகழ்ந்தார். பிறகு கேக்கை இரண்டு ஆள் தூக்கிவந்து ஜமக்காளத்தின் நடுவே வைத்தார்கள். கூட்டம் வாய் பிளந்தது. அப்துல் வஹீதே எழுந்து சுற்றிவந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். இம்புட்டு வேலைப்பாடா?"

ஊர்க்காரர் வாயால் முப்பது வருஷத்தில் கேட்காத சொல். பக்கீருக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தியை எடுத்து அடி அடுக்கில் ஒரு துண்டு போட்டு, இரண்டு கையாலும் சம்பந்தியிடம் நீட்டினார். மகளுக்கு என்று வைத்திருந்த முதல் துண்டு அது. சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

வஹீது துண்டை வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார். மோந்தார். பக்கத்தில் இருந்த, நிக்காஹ் ஓதிவைத்த ஆலிம்சாவிடம் நீட்டினார். அவரும் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன பாய் இது? கள்ளுக்கடை வாடை அடிக்குது."

"அல்லாமேல ஆணையா ஒரு சொட்டுச் சேக்கல சம்பந்தி."

"நீங்களே மோந்து பாருங்க."

பக்கீர் வாங்கி மோந்தார். மோந்துகொண்டே இருந்தார். சபை பார்த்துக்கொண்டிருந்தது. வாடை எதுவும் தெரியாததால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்த நஜ்முன்னிசாவிடம் கொடுத்தனுப்பினார். அவள் மோந்து பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு ஜாடியும் நுரையும் புத்தியில் ஏறின. ஏறி என்ன செய்ய? "ஆரஞ்சு பொங்கிருச்சு, பழச்சாறுதான், தானாப் புளிச்சிருச்சு" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார். தானாகப் புளிப்பதுதானே கள்ளும்?

வஹீது சத்தம் போடவில்லை. திரைப்பக்கம் திரும்பி மருமகளைக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. இதெல்லாம் உங்க வீட்டுல புழக்கமா?"

சாதிகாவின் குரல் தெளிவாக வந்தது.

"அது அத்தா பங்களாவுக்குச் செய்யுறது மாமா. நாங்க தொடமாட்டோம்."

வேறென்ன சொல்வாள்? அன்றைக்குக் காலையில் கழுத்தில் ஏறிய கருகமணி சாயங்காலம் இறங்கிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. பக்கீருக்கும் அது புரிந்தது. புரிந்ததனால் வலி குறையுமா?

வாசலில் சோற்றுக்குக் காத்திருந்த ஏழைகளுக்குக்கூட அந்தக் கேக்கைக் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார் ஆலிம்சா. பெண்ணை வாடிப்பட்டிக்குக் கொண்டுபோக வந்த வண்டிக்காரர் முத்திருளன்தான் கொல்லைப்பக்கம் வந்து கேட்டு ஒரு துண்டு தின்றார். "நல்லாருக்கு பாய். லேசா கிறுகிறுன்னு ஏறுது" என்று மனசாரப் பாராட்டினார். பக்கீர் முப்பது வருஷத்தில் செய்த கேக்கில், அவர் வீட்டில் ஒருவர் தின்று பாராட்டியது அது ஒன்றுதான்.

வண்டியில் ஏறும்போது சாதிகா அழுதாள். அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமனார் காதில் விழாதபடி குனிந்து சொன்னாள்.

"அத்தா, அங்க என்னையப் பாக்க வாங்க. கையில ஒண்ணும் செஞ்சு கொண்டாராதீக."

"சரிம்மா" என்றார் பக்கீர்.