படகுக்கு அடியில் ஒரு பெட்ரோல் டேங்க்

வெல்டிங் பட்டறை வைத்திருப்பவனிடம் ஊரே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். அவனும் ‘முடியாது’ என்று சொல்லப் பழகியிருக்க மாட்டான். பட்டறைக்காரர்களே, உங்களுக்கும் இதே கதைதானே?

கம்பத்தில் என் பட்டறை. 2004 என்று நினைக்கிறேன். குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஏரிக்கரையில் விடுதி நடத்தும் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய சின்னப் படகில் பெட்ரோல் கேன் ஆட்களின் காலில் இடறுகிறதாம். தரைக்கு அடியில் டேங்க் வைத்து, கை விட்டுப் பார்க்க ஒரு மூடியும் போடவேண்டும். மச்சான் முருகேசனோடு போனேன்.

முதல் வெட்டு

படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். தரைப்பலகையில் சின்னத் துளை போட்டு, கம்பியை விட்டு ஆழம் பார்த்தேன். ஒரு சாண்தான். அதற்குக் கீழே படகின் அடித்தோல். ரம்பம் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தீர்ந்தது. டிரைவர் தங்கச்சன் ஒன்பது வருஷமாக அந்தப் படகை ஓட்டுகிறவர். நான் அறுத்து முடிக்கும்வரை குனிந்தே நின்றார்.

“பதுக்கெ, சேட்டா, மெதுவா. அடியில ஓட்டை விழுந்தா நிங்கள் கம்பத்துக்குப் போயிருவீங்க. நான் எங்க போறது?”

மாட்டிக்கொண்டது

டேங்கை இறக்கிப் பட்டை போட்டு முறுக்க, முருகேசன் ஒன்றேகால் அடி ஓட்டைக்குள் தலையும் ஒரு கையுமாக இறங்கினான். முறுக்கிவிட்டான். வெளியே வர முடியவில்லை. முழங்கை டேங்குக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. உள்ளே, டேங்கை ஒட்டப் பூசிய ஃபைபர் பசையின் நாற்றம். “மச்சான், மூச்சு முட்டுது” என்றான். பசை ஈரமாக இருக்கும்போது கிரைண்டரைத் தொட்டால், தீப்பிடிக்க ஒரு பொறி போதும். கையால் ஆக்சா ரம்பத்தின் பிளேடைப் பிடித்து, அவன் விலாவை ஒட்டியே பலகையை அறுத்தேன். இருபது நிமிஷம். வெளியே வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு, அகலமான அந்த ஓட்டையைப் பார்த்தான்.

“இதை மொதல்லயே இம்புட்டு வெட்டிருக்கலாம்ல?”

நடு ஏரியில்

அந்த ஓட்டைக்குத் தக்க மூடி போட்டு, மறுநாள் காலை மூவரும் ஓட்டிப் பார்க்கப் போனோம். நடு ஏரியில் மோட்டார் இருமி நின்றது. தங்கச்சன் சாவியில் கை வைத்தார். நான் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. அடியில் குளமாக நிற்கிறது.

“சாவியைத் தொடாதீக” என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

ஒரு துடுப்பும் ஒரு பலகையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். கரையில் பார்த்தால் பெட்ரோல் குழாயின் கிளிப் முறுக்காமலே கிடக்கிறது. முந்தின நாள் பதற்றத்தில் விட்டுவிட்டேன். “தப்பு என்னோடது” என்றேன். தங்கச்சன் சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டார்.

“நாளைக்கு ஸ்டார்ட் பண்றது நிங்கள். பக்கத்துல நான் இருக்கேன்.”

கிளிப்பை முறுக்கி, கொட்டிய பெட்ரோலை இறைத்துக் காயவிட்டு, அடுத்த நாள் நானே ஸ்டார்ட் பண்ணினேன்; மோட்டார் ஒழுங்காக ஓடியது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதைக் கரையேறிய பிறகுதான் இருவரிடமும் சொன்னேன்.