வெள்ளச்சியின் பின்னங்கால்

எங்கள் சித்தப்பா வளர்த்த வேட்டைநாய்க்கு வெள்ளச்சி என்று பெயர். மழை பொய்த்து வேங்கிக்கால் ஏரி காய்ந்துவிட்டால், சுற்றுவட்டாரத்து நாய்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். வெள்ளச்சிதான் எப்போதும் முதல். பரிசாக வந்த பித்தளைக் குடத்தில் சித்தி தண்ணீர் எடுப்பாளே தவிர, அதை ஜெயித்துக் கொடுத்த நாயை வீட்டுக்குள் விடமாட்டாள். நாய்க்குப் போடுகிற முட்டையைத் தனக்குப் போட்டிருந்தால் தானே ஓடி ஜெயித்திருப்பாளாம்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அந்த வருஷப் பந்தயத்தில் எல்லைக்கொடிக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளச்சி வீலென்று கத்தி உருண்டது. எழுந்தபோது ஒரு பின்னங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சித்தப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, தொடைச் சதைதான் கிழிந்திருக்கிறது, ஓடவிடாமல் கட்டிப்போட்டால் கூடிவிடும் என்றார்.

பந்தயக் கூட்டாளிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மறுநாள் காலையில் ஒருவர் இரும்புக் கம்பியோடு வந்து எங்கள் அடுப்பிலேயே, சூடுபோட அதைக் காய்ச்சினார்.

"ஒரு இழுப்பு இழுத்தா போதும், பழையபடி ஓடும்."

சித்தி ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். வீடெல்லாம் புகை. அந்த ஆளிடம் திரும்பினாள்.

"என்னாங்க, உங்க தொடையில சதை பிசகிக்கினா நானும் கம்பி காய்ச்சட்டுமா?"

கம்பிக்காரர் இருமிக்கொண்டே போய்விட்டார்.

அதன்பின் வைத்தியம் முழுக்க சித்தி கைக்குப் போனது. வீக்கம் இருந்தவரை ஈரத்துணி. வடிந்தபிறகு உப்பை வறுத்து முடிந்து ஒத்தடம், இளஞ்சூட்டு எண்ணெயில் நீவல். கயிற்றைப் பிடித்துக் கொல்லையில் மெல்ல நடத்துவது என் வேலை. சித்தி திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்வாள். வெள்ளச்சி அவள் மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கயிறு என் கையிலிருந்து நழுவியது. வெள்ளச்சி ஒரு கீரிப்பிள்ளையை வேலிவரை விரட்டிப் போயிற்று. துளி நொண்டல் இல்லை! சித்தப்பாவிடம் சொல்ல ஓடினேன். சித்தி என் வாயைப் பொத்தினாள்.

"சொன்னீன்னா திரும்பவும் ஏரிக்கு இட்டுக்கினு போயிடுவாரு. கம்முனு இரு."

அடுத்த பந்தயத்துக்குக் கூப்பிட ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். சித்தப்பா கொல்லைக்கு வந்து வெள்ளச்சி அருகில் உட்கார்ந்து, தொடையை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திப் பார்த்தார். காலை நீட்டி மடக்கினார். வெள்ளச்சி சுகமாகக் கொட்டாவி விட்டது. சித்தி முறத்திலிருந்து தலை நிமிரவே இல்லை. சித்தப்பா அவளையே சற்று நேரம் பார்த்தார்.

பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வலி இன்னும் ஜாஸ்தியா இருக்குதுப்பா. இனிமே இது ஓடாது" என்று உரக்கச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலைத் தொட்டே எந்த நாய் ஓடும், எது ஓடாது என்று சொல்லிவிடுவார் என்பதற்காக ஊரே தேடிவருகிற மனிதர். அவரையே ஏமாற்றிவிட்டோமென்று அன்று முழுக்க நான் பெருமையோடு திரிந்தேன்.