செல்லக்கனியின் இரண்டு தாள்கள்

வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் செல்லக்கனி பத்தொன்பது ஆண்டுகளாகக் காய் தரம் பிரித்தாள். சல்லடையில் நின்ற காயை மேசையில் பரப்பி, வெளுத்ததையும் வெடித்ததையும் விரலால் ஒதுக்க வேண்டும். நாற்பத்து மூன்றாம் வயதில், மதியத்துக்கு மேல் அவளுக்கு ஒரு காய் இரண்டாகத் தெரியத் தொடங்கியது. இமைகள் தாமாக இறங்கின.

"சேச்சிக்குப் பாய் கொண்டு வரட்டா?" என்பான் மேற்பார்வை பார்க்கும் ஜிஜோ. மேசையே சிரிக்கும். கண்ணேறு என்று யாரோ சொல்ல, வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். எலுமிச்சம்பழத்தில் நான்கு மாதம் வீணாயிற்று.

அரசு மருத்துவக் கல்லூரியில்தான் காரணம் தெரிந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்குவது. அவளுக்கு அதில் கட்டி வளர்ந்திருந்தது. அதோடு சேர்ந்து வரும் கோளாறால் நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இமை இறங்கியது அதனால். அறுவை செய்து கட்டியை முழுதாக எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது முதலாளி ஆஸ்பத்திரித் தாள்களைக் கேட்டார். திசுப் பரிசோதனைத் தாளில், 'மசாவோகா-கோகா: ஸ்டேஜ் 3'. டிஸ்சார்ஜ் தாளில், 'டி.என்.எம்.: ஸ்டேஜ் 1'.

"மூணை அழிச்சு ஒண்ணாக்கிக் கொண்டாந்திருக்கியா? மூணாம் ஸ்டேஜ்காரிய இங்க உக்கார வெச்சு, நாளைக்கி ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

யாரும் எதையும் அழிக்கவில்லை. இரண்டும் ஒரே கட்டியை அளந்த இரண்டு முறைகள். அந்தக் கட்டி தன் உறையைத் தாண்டி, பக்கத்தில் நுரையீரலை ஒட்டிய மெல்லிய சவ்வையும் லேசாகத் துளைத்திருந்தது. மசாவோகா-கோகா என்ற பழைய முறையில் அது மூன்று. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அந்தச் சவ்வு துளைபட்டதால் மட்டும் ஆயுள் குறைவதில்லை என்று தெரிந்தது. டி.என்.எம். என்ற புதிய முறை அதை ஒன்றில் சேர்த்தது. பழைய பதிவுகளோடு ஒப்பிட வேண்டியிருப்பதால் மருத்துவர்கள் இரண்டையும் எழுதுகிறார்கள். அறுவை செய்த டாக்டர் சித்ரா இதை அவளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தார். ஆனால் ஊருக்கு மூன்றாம் ஸ்டேஜ் என்றால் சாகப் போகிறவள். விசாரிக்காமல் அதை நம்பி ஒருத்தியின் சோற்றில் கை வைப்பதற்கு அறியாமை என்ற பெயர் போதாது.

செல்லக்கனி மேசையிலிருந்து ஒரு காயை எடுத்து நீட்டினாள்.

"மொதலாளி, இது எட்டு எம்.எம். சல்லடையில நின்ன காய்தான?"

"ஆமா."

"சல்லடைக்கு இது மொத தரம். வெளுத்துப்போனதால நெறத்துக்கு மூணாந்தரம். இதுல எதை யாரு அழிச்சா?"

"காயும் ஒடம்பும் ஒண்ணாடி?"

"இல்லதான். காய்க்கு வயித்துப்பாடு இல்ல. வேல இல்லைன்னா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எதனாலன்னும் எழுதுங்க."

"எழுதி? யூனியன்ல காட்டப் போறியா?"

"டாக்டரம்மாகிட்டக் குடுப்பேன். ரெண்டு தாளு இருக்கு, இது மூணாவது தாளு, இதுல எத்தனாவது ஸ்டேஜ் போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கம்பேன்."

ஜிஜோ சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். முதலாளியின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எழுதக்கூடிய காரணம் அவரிடம் இல்லை.

"போ, போயி உக்காரு."

அவள் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் முக்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு இடது இமை இறங்கியது. அறுவைக்குப் பிறகும் அந்தத் தசைக் கோளாறு உடனே விட்டுவிடுவதில்லை. மாத்திரையைப் போட்டு, காய் மறுபடி ஒன்றாகத் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜிஜோ அந்தப் பக்கம் வந்தான். பாயைப் பற்றிக் கேட்கவில்லை.