பஃபியும் டீப்பாயும் மச்சானின் காலும்

எங்கள் ஹாலில் சோபாவைப் போட்ட பிறகு வாசல் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். அந்த ஹாலுக்குத்தான் நான் ஒரு டீப்பாயும் பஃபியும் வாங்கினேன். பஃபி என்பது சாய்மானம் இல்லாத, குட்டையான மெத்தை இருக்கை. உட்காரலாம், காலையும் நீட்டி வைக்கலாம். நான் வாங்கியது டீப்பாய்க்கு அடியில் முழுதாக நுழைந்துவிடும். சந்தன நிறத் துணி. மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் தெரு எங்களுடையது, புழுதிக்குப் பஞ்சமில்லை. வெளிர் நிறம் வேண்டாம் என்று கடையிலேயே சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஆபீஸ் விட்டு வந்து, டீயை டீப்பாயில் வைத்து, பஃபியில் காலை நீட்டி உட்காரும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

வாங்கிய சில வாரங்களிலேயே என் கணவரின் அண்ணன் வந்து சேர்ந்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். சர்க்கரை நோய்க்காரர். வயலில் எதையோ மிதித்திருக்கிறார், மரத்துப்போன பாதத்துக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது உள்ளங்காலில் குழி விழுந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து அழுகலை எடுத்தார்கள். தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலைத் தொங்கப்போடக் கூடாது, பஸ் பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர். மச்சானின் மனைவி, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். அதனால் எங்கள் வீடு.

என் கணவர் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து சோபாவில் உட்கார வைத்தார். டீப்பாய்க்கு அடியிலிருந்து பஃபியை இழுத்தார்.

"காலத் தூக்கி இதுல வைங்கண்ணே. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"புதுசா இருக்கேடா. அழுக்காகிப் போகும்."

"ஆனா ஆகட்டும்ணே. உங்களுக்கு மேலயா?"

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பெட்ஷீட்டை மடித்துப் பஃபிமேல் விரித்தேன். மறுநாள் காலையில் அதையும் தாண்டி, சந்தனத் துணியில் பழுப்பாக ஒரு வட்டம் இறங்கியிருந்தது.

நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் மருந்து வாடையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது பழுத்து அழுகிய பழம் போல லேசாக இனிக்கும் நாற்றம். அந்தச் சின்ன ஹாலில் அது போவதற்கு இடமே இல்லை. பஃபிக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒரு முழம்கூடக் கிடையாது. இந்தப் பக்கம் அந்தக் கால், அந்தப் பக்கம் இட்லித் தட்டு. ஒரே ஈ இரண்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தேன்.

முதலில் பக்கத்து கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் வந்து கட்டு மாற்றினார். எங்கள் இருவருக்கும் செய்து காட்டிவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டார். மறுநாள் என் கணவர்தான் கட்டு மாற்ற உட்கார்ந்தார். துணியின் கடைசிச் சுற்றைப் பிரித்ததும் எழுந்து பால்கனிக்கு ஓடினார். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரவில்லை. பிரித்த கால் பிரித்தபடி கிடந்தது.

"விடு தாயி, நானே எப்படியாச்சும் சுத்திக்கிறேன்" என்றார் மச்சான். குனிந்தால் அவர் கைக்கு அவருடைய பாதம் எட்டாது.

நான் உட்கார்ந்தேன். கிண்ணம், புண் கழுவும் சலைன், பஞ்சு எல்லாவற்றையும் டீப்பாயில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி. ஓரமெல்லாம் ஊறிய தோல், தண்ணீரில் கிடந்த காகிதம் போல வெளுத்திருந்தது. பஞ்சை வைத்துத் துடைத்தபோது மஞ்சளாக ஏதோ இழுபட்டு வந்தது. தொண்டைக்கு வந்ததை விழுங்கிக்கொண்டேன். மச்சான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒன்னைய இதெல்லாம் பாக்க வச்சுட்டேனே."

"பேசாம இருங்க மச்சான். ஆட்டாதீங்க."

அதற்குப் பிறகு அது என் வேலையாகிவிட்டது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் கட்டு மாற்றுவேன். என் கணவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். முடிந்தது என்றால்தான் வெளியே வருவார். ஒருநாள் பரோட்டா வாங்கி வந்திருந்தார். நான் குப்பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு பேப்பரைப் போட்டு, தட்டை வைத்துச் சால்னாவை ஊற்றினார்.

"கையக் கழுவிட்டு வா, சூடா இருக்கு."

அவர் பிய்த்துத் தோய்த்துத் தின்றதைப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது. காலைப் பார்த்து வந்த குமட்டலைவிட அதிகமாகவே. காலுக்கு நோய். இவருக்கு என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் சித்தப்பாவும் சித்தியும் நோயாளியைப் பார்க்க மேலூரிலிருந்து வந்தார்கள். சித்தப்பா சோபாவில், சித்தி பிளாஸ்டிக் நாற்காலியில். நான் காபியோடு அடுப்படி வாசலுக்கு வந்தபோது சித்தி கேட்டார்: "கட்டெல்லாம் யாருப்பா மாத்துறா? நர்சம்மா வருதா?"

"நர்சு எதுக்கு சித்தி? நான்தான் மாத்துறேன்" என்றார் என் கணவர். "மொத ரெண்டு நாளு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்பப் பழகிப்போச்சு. கூடப் பொறந்தவன் நான் செய்யாம யாரு செய்வா?"

சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல எந்தத் தம்பி இம்புட்டு செய்யிறான்!" சித்தப்பா மச்சானைப் பார்த்து, "குடுத்து வச்சவன்யா நீ" என்றார்.

மச்சான் தன் காலைப் பார்த்துக்கொண்டே, "ஆமா சித்தப்பா" என்றார்.

காபித் தட்டை டீப்பாயில் வைத்தேன். கையில் மருந்து வாடை இன்னும் இருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களை வழியனுப்ப என் கணவர் பஸ் ஸ்டாப் வரை போனார். மச்சான் தானாகவே பேசினார்.

"வந்தவங்க முன்னாடி அவன விட்டுக்குடுக்க முடியுமா தாயி?"

"என்னைய மட்டும் விட்டுக்குடுக்கலாமா மச்சான்?"



மறுநாள் ஆபீசிலிருந்து வந்து, பஃபிக்குப் பக்கத்தில் மணையைப் போட்டேன். கிண்ணத்தை டீப்பாயில் எடுத்து வைத்தேன். படுக்கையறைக் கதவைத் திறந்து, "வாங்க, கட்டு மாத்துங்க" என்றேன்.

"என்ன வெளையாடுறியா? எனக்கு ஒத்துக்காதுன்னு தெரியும்ல?"

"பழகிப்போச்சுன்னு சொன்னீங்களே."

"மெதுவாப் பேசு. அண்ணனுக்குக் கேக்கப் போகுது. ஒனக்கு அருவருப்பா இருந்தா இருக்குன்னு சொல்லு, அதுக்கு எதுக்கு இந்த நாடகம்?"

"அருவருப்பாத்தான் இருக்கு. நீங்க வாங்க."

மச்சானுக்குக் கேட்டிருக்கும். அவரே கூப்பிட்டார். "வாடா. வந்து செய்யி."

வந்தார். நான் சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டேன். மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, பாதி கண்ணை மூடிக்கொண்டு செய்தார். பஞ்சைத் தரையில் போட்டார். சலைனைப் பஃபி முழுக்கக் கொட்டினார். நடுவில் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கட்டு கோணலாக விழுந்தது, ஆனால் விழுந்தது. அடுத்த நாள், தான் வேலை பார்க்கும் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று தாமதமாக வந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மறுபடி நான்தான் செய்தேன். கால் மச்சானுடையது, அதை அழுகவிட முடியாது.

புண் மெல்ல மெல்லச் சிவந்து, மேடேறி, மூடியது. ஒரு கார் பிடித்து மச்சானை ஊருக்கு அனுப்பினோம். போகும்போது என் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றே பஃபியைத் தூக்கிக் குப்பை வண்டியில் போடச் சொன்னேன். துணி மாற்றினால் போதும் என்றார் என் கணவர். கத்தியால் துணியைக் கிழித்து உள்ளே காட்டினேன். பஞ்சு பழுப்பாகக் கட்டிதட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து மச்சானின் மனைவி போன் செய்தார்.

"நீதான் அம்புட்டும் பாத்தியாமே. உங்க மச்சான் என்கிட்ட சொன்னாரு."

"அப்படியாக்கா? சொன்னாரா?"

"ம். வெளிய சொல்லிக்காத, என்ன? கொழுந்தனுக்குக் கவுரவக் கொறச்சலாப் போகும்."

போனை வைத்த பிறகும் அந்த இனிக்கும் நாற்றம் எங்கிருந்தோ வருவது போல இருந்தது. தேடிப் பார்த்தேன். ஹால் சுத்தமாகத்தான் இருந்தது.

மேலூர்ச் சித்தியின் நம்பரைப் போட்டேன். "சின்னத்தே, கட்டு மாத்துனது நான்தான். அவரு இல்ல" என்றேன்.

"அதனால என்னத்தா? யாரு செஞ்சா என்ன, ஒரு குடும்பந்தான?"

"அப்ப அவர எதுக்குப் புகழ்ந்தீங்க?"

குக்கர் விசில் அடிக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். எனக்கு விசில் எதுவும் கேட்கவில்லை.