தேத்தண்ணி குடுத்து வித்த வீடு

தரகு வேலை எண்டால் வேறொண்டுமில்லை, விக்கிறவனுக்குப் பொய்யனாகவும் வாங்கிறவனுக்குக் கள்ளனாகவும் ஒரே சைக்கிளில ஓடித் திரியிறதுதான். வீடு விக்க அலைஞ்ச ஆக்களே, வாங்க அலைஞ்சு செருப்புத் தேஞ்ச ஆக்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. எண்பதுகளின்ர தொடக்கத்தில கிளிநொச்சிச் சந்தையடியில நாங்கள் மூண்டு தரகர் இருந்தனாங்கள். அந்தக் காலத்தில ஒரு வீடு என்னை ரெண்டு மாதம் ஆட்டிப் படைச்சுது.

தரகர் தெரிவு

வீட்டுக்காரி ராக்கம்மா அக்கா. மலைநாட்டுத் தோட்டத்தில இருந்து வந்து, வட்டக்கச்சிக்குப் போற றோட்டில புருசனும் தானுமாக் காணி வாங்கிக் குடியிருந்தவா. புருசன் காலமாகிட்டார். ஒரே மகள் வவுனியாவில ஒற்றை அறையில வாடகைக்கு இருக்கிறாள், தலைப்பிள்ளை வயித்தில. மருமகன்ர பக்கத்திலயும் உதவிக்கு ஆக்களில்லை. இதை வித்து அங்க ஒரு வீடு எடுத்து, ஆவணியில பிள்ளை பிறக்க முன்னம் மகளோட போய் இருக்க வேணும், அவ்வளவுதான் அவாவின்ர ஆசை.

எங்கள் மூண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுப் பாத்தா. எங்களில ஒருத்தன் பொன்னுத்துரை வாசல் படலையடியில நிண்டபடியே "அரண்மனை" எண்டானாம். நான் உள்ளுக்குப் போய்ச் சுத்திப் பாத்து, குசினி இருட்டு, கூரை ஒழுகும் போல கிடக்கு எண்டு மூஞ்சையைச் சுழிச்சன். எனக்கு வாய் அப்படி, என்ன செய்ய? இந்த வீடு கிடைக்காது எண்டு நினைச்சுச் சைக்கிளைத் திருப்ப, அக்கா கூப்பிட்டுச் சொன்னா:

"அவரு பாக்காமலே புகழ்ந்தாரு, நீங்க பாத்துட்டுத் திட்டுறீங்க. நீங்களே வித்துக் குடுங்க தம்பி."

உறுதி

காணிப் பத்திரத்தை எங்கட பக்கம் 'உறுதி' எண்டுதான் சொல்லுறது. வாழ்நாளில பாதியைத் தோட்டத்து லய அறைக்க கழிச்ச மனுசிக்குக் காணியே புதுசு. கடுதாசி அலுவலெல்லாம் புருசன் பாத்தது. மரமண்டை நான் இதை யோசிக்கேல்லை. "அக்கா, உறுதி இருக்கோ?" எண்டன். "இருக்குங்க" எண்டா. "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, உறுதி இல்லாட்டி ஒருத்தரும் கிட்டவும் வராயினம்" எண்டு திரும்பவும் கேட்டன். அந்தக் கடுதாசி றங்குப்பெட்டிக்குள்ள சேலைக்கு அடியில கிடந்தது பிறகுதான் தெரியும். அப்ப அவா இடுப்பில கையை வைச்சுக்கொண்டு கத்தினா:

"எத்தன வாட்டி கேப்பீங்க? உறுதியாத்தாங்க இருக்கேன், ஆவணிக்கு முந்திப் போயே தீருவேன்!"

விளம்பரம்

"வற்றாக் கிணற்றுடன் வீடு விற்பனைக்கு" எண்டு மட்டையில எழுதிச் சந்தையடிக் கடைச் சுவரில தொங்கவிட்டன். ஆரோ ஒரு புண்ணியவான் சுருட்டுப் பத்த அதில ஒரு துண்டைக் கிழிச்சுப்போட்டார். மிஞ்சினது "வற்றா... வீடு விற்பனைக்கு." கிழிஞ்ச இடத்தைச் சனம் தானே நிரப்பிச்சுது.

முதல் வந்தவர் நெற்றி நிறைய விபூதியோட ஒரு வயசாளி. அந்த மனுசனைச் சைக்கிளில ஏத்தி, மூச்சு வாங்க வாங்க உழக்கிக்கொண்டு போனன். இறங்கினவர் வீட்டைப் பாக்கேல்லை, "கோயில் எந்தப் பக்கம்?" எண்டு கேட்டார். அவர் தேடி வந்தது முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலடியில ஒரு வீடு. சங்கதி விளங்கினதும் என்னை ஒரு பார்வை பாத்தார்:

"அம்மன்ர காலடியில கிடப்பம் எண்டு வந்தன், நீர் என்னைக் கொண்டந்து கிணத்தடியில விட்டிருக்கிறீர்!"

இனிப்பு

எங்கட சனம் வீடு பாக்கப் போனால் முதல்ல கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சுப் பாக்கும். உவர் எண்டால் மாளிகை எண்டாலும் வேண்டாம். ராக்கம்மா அக்காவோ வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்காமல் ஒரு அடி நகர விடமாட்டா. அதுவும் சீனி அள்ளிப் போட்டு. அந்த இனிப்பு நாக்கோட போய்த் தண்ணி குடிச்சால் எந்தத் தண்ணிதான் நல்லாயிருக்கும்? வீடு பாக்க வந்த மூண்டு பகுதி ஆக்களும் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போச்சினம். தண்ணி உவர், அதை மறைக்கத்தான் தேத்தண்ணி எண்டு கதையும் பரவியிட்டுது. ஆடியும் பிறந்திட்டுது. எனக்குப் பொறுக்கேல்லை, "இனி ஒருத்தருக்கும் தேத்தண்ணி குடுக்காதேங்கோ!" எண்டு ஏசிப்போட்டன். அவாவின்ர கண் கலங்கிச்சுது. பாவம், நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. கண்ணைத் துடைச்சுப்போட்டு அவா சொன்னா:

"வெறுந்தண்ணியக் குடிச்சாத் தாகந்தான் தீரும் தம்பி. தேயிலைச் சாயத்த ஊத்திப் பாத்தாத்தான் தண்ணி எப்பிடின்னு தெரியும்."

ரெண்டு கிளாஸ்

அடுத்த கிழமை வட்டக்கச்சியில வயல் செய்யிற ஒரு குடும்பம், பிள்ளையளின்ர படிப்புக்காக ரவுனுக்குக் கிட்ட வீடு தேடி வந்தது. அக்கா சொன்னபடி நான் என்ர வீட்டுக் கிணத்துத் தண்ணியை ஒரு போத்தலில கொண்டு போயிருந்தன். கிளிநொச்சியிலயே நல்ல தண்ணி எண்டு நான் பீத்தித் திரிஞ்ச தண்ணி. அவா ரெண்டு தண்ணியையும் தனித்தனியாக் கொதிக்க வைச்சு, ஒரே தேயிலை, சீனியில்லாமல், ரெண்டு கிளாசில ஊத்தி வெளிச்சத்தில வைச்சா. அவாவின்ர சாயம் நல்ல சிவப்பு, அடி தெரியுது. என்ர சாயம் கறுத்துப்போய், மேல ஆடை வேற, கூடாத தண்ணிக்கு அதுதான் அடையாளமாம். எனக்கு நாக்கைப் புடுங்கிக்கொள்ளலாம் போல கிடந்தது. வந்த மனுசி சிவப்புச் சாயத்தில ஒரு மிடறு குடிச்சு, புருசனைப் பாத்துத் தலையாட்டிப்போட்டு என்னட்டத் திரும்பினா:

"இந்த வீடு எங்களுக்கு. நீங்களும் கெதியா ஒரு வீடு பாருங்கோ தரகர்!"

கடிதம்

அக்கா ஆடி முடிய முன்னமே வவுனியாவுக்கு ரயில் ஏறினா. பெட்டியைத் தூக்கிக் குடுத்திட்டு ரயில் மறையுமட்டும் நிண்டு பாத்தன், தரகனுக்கு இதெல்லாம் கூடாது. ஆவணி கடைசியில ஒரு கடிதம் வந்தது, மருமகன்ர கையெழுத்தில, அக்காவின்ர வாய்ச்சொல்லு:

"பேரன் பொறந்துட்டான், என் மடியிலதான் கெடக்கான். அவசரத்துல வாங்குன வீடு, இங்க சாயம் கறுக்குது தம்பி. பரவால்ல, இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிச்சிருவேன். ஆனா வவுனியாவுல திட்டுற தரகரா ஒருத்தர் இருந்தாச் சொல்லுங்க."

ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுப் பதில் எழுதினன். ஒரு தரகன் இன்னொரு தரகனை நல்லவன் எண்டு தன்ர கையால எழுதின கடிதம், இந்த வன்னியில அது ஒண்டாத்தான் இருக்கும்.